யாருக்கு யார் கொடுத்த பலி?

தமிழ்நாட்டில் வளர்ந்தவரிடம் ‘வேள்வி’ என்று சொன்னால் ஓமகுண்டமும் நெய்யும் புகையும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் வேள்வி என்றால் கடா. நேர்த்திக்காக வீட்டில் வளர்த்த கடாவுக்கு மாலை போட்டு, வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோய் வெட்டி, இறைச்சியைப் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு இங்கே வழங்கும் பெயர் அது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்தபோது ஊரெல்லாம் வாதம் நடந்தது. அந்த நாட்களில் ஒரு முதியவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. “ஆட்டின் இரத்தம் வேண்டாம் என்கிறார்கள், சரி. ஒரு மனிதனின் இரத்தத்தால் பாவம் கழுவப்பட்டது என்று வேதக்காரர் பாடுகிறார்களே, அதை என்ன செய்வது?”

குறும்பாகத்தான் கேட்டார். ஆனாலும் நேர்மையான கேள்வி. வேதக்காரரிடமே, அதாவது கிறிஸ்தவரிடமே, கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இது: மனிதன் பாவம் செய்தான், கடவுள் கோபம் கொண்டு இரத்தம் கேட்டார், இயேசு தம் இரத்தத்தைக் கொடுத்தார், கோபம் ஆறியது. இப்படிச் சொன்னால் கல்வாரி மலைக்கும் வைரவர் கோயிலுக்கும் இடையில் பலிப்பொருள் மட்டுமே வேறு. விவிலியத்தின் கணக்கு இப்படிப் போகவில்லை. அதைக் காண இரத்தத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்றைய பத்திரிகைத் தமிழில் பலி என்றால் சாவு. ‘பஸ் மோதி இருவர் பலி’ என்று நாள்தோறும் வாசிக்கிறோம். இந்தப் பொருள் ஊறிப்போனதால் ‘கிறிஸ்துவின் பலி’ என்றதும் கொலைதான் மனதில் எழுகிறது. பழைய தமிழில் பலி என்பது படைப்பது, இடுவது, கொடுப்பது. தேவாரத்தில் சிவபெருமான் கையில் ஓடு ஏந்தி ஊரூராகப் பலி ஏற்கிறார்; அங்கே அது பிச்சைச் சோறு. ஆகம முறைக் கோயில்களில் கொடிமரத்தடியில் நிற்கும் பலிபீடத்தில் கத்தி படுவதில்லை. சோறும் பூவும் வைக்கிறார்கள். ஆணவத்தைப் பலியிடும் இடம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். கத்தோலிக்கர் தங்கள் கோயிலின் நடுப்பீடத்துக்கும் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எபிரேயத்தில் காணிக்கைக்குப் பொதுப்பெயர் கொர்பான். மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல் தமிழாக்கப்படாமல் அப்படியே கிடக்கிறது. அதன் வேர் ‘கிட்ட வருதல்’. கொல்லுவதற்கும் அந்த வேருக்கும் உறவில்லை.

இனி லேவியராகமம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பலரும் பக்கம் புரட்டித் தாண்டிவிடும் நூல். அதில் ஐந்து வகைப் பலிகள் வருகின்றன: தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. போஜனபலியில் உயிரே இல்லை. மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும் மட்டும். சமாதானபலியின் இறைச்சியைக் கொண்டுவந்தவரும் வீட்டாரும் உண்பார்கள். எங்கள் வேள்விப் பங்குக்குக் கிட்டிய உறவு இதுதான். பாவத்துக்கென்று உள்ள பாவநிவாரணபலியோ அறியாமல் செய்த பிழைகளுக்கு ஏற்பட்டது. துணிகரமாய்ப் பாவம் செய்பவன் சமூகத்திலிருந்தே அறுப்புண்டு போவான் என்கிறது எண்ணாகமம் 15. அவனுக்கென்று ஆடு எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. அயலானை ஏமாற்றிப் பொருள் எடுத்தவன் குற்றத்தை உணர்ந்தால் அந்தப் பொருளையும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடா அதற்குப் பிறகு. எல்லை வேலியின் கதியாலை இரவோடு இரவாக அரை முழம் நகர்த்திவிட்டுக் காலையில் நீறு பூசிக்கொண்டோ செபமாலை உருட்டிக்கொண்டோ போகிறவர்களை நாம் அறிவோம். இந்தச் சட்டம் அவர்களைக் கோயில் வாசலிலிருந்து வேலிக்கே திருப்பி அனுப்பியிருக்கும்.

ஆடு வாங்க வசதியில்லாதவன் இரண்டு புறாவைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லை என்றால் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா, நம் அளவில் ஏறக்குறைய இரண்டு லீற்றர். மாவைக் கொண்டுவந்தவனுக்கும் பாவம் மன்னிக்கப்படும் என்று லேவியராகமத்தின் 5ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. ‘இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது’ என்று புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்திலிருந்து முழங்குபவர்கள், அதே வசனத்தின் முற்பாதியில் ‘கொஞ்சங்குறைய’ என்றொரு சொல் அடக்கமாக உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை. அதை எழுதியவருக்கு மாவைப் பற்றித் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இரத்தம் எதற்கு? ‘மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது’ என்பது லேவியராகமத்தின் 17ஆம் அதிகாரம் தரும் விடை. பாவநிவாரணபலியின் இரத்தம் பாவம் செய்தவர்மேல் தெளிக்கப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது, சில வேளைகளில் திரைக்கு முன்பாகத் தெளிக்கப்படுகிறது. லேவியராகமத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட யூத அறிஞர் ஜேக்கப் மில்குரோம் இதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: கழுவப்படுவது இடம். யாழ்ப்பாணத்தாருக்கு இதற்கு நீண்ட உரை தேவையில்லை. கோயிலுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, பட்டால் பிராயச்சித்தம் செய்து கும்பநீர் தெளித்துச் சுத்தி செய்கிறோம் அல்லவா? மக்கள் ஊரில் செய்யும் பாவம் துடக்குப் போல, அவர்களுடைய கூடாரக் கோயிலான ஆசரிப்புக் கூடாரத்தில் போய் ஒட்டுகிறது. படிந்துகொண்டே போனால் கடவுள் அங்கே குடியிருக்க மாட்டார். சாவின் கறையை உயிரால் கழுவுகிறார்கள். உயிர் இருக்கும் பொருள் இரத்தம்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஏழாம் மாதத்தின் பத்தாம் நாளில், இந்தச் சுத்திகரிப்பு கருவறை வரைக்கும் போகும். அன்றைக்குத்தான் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்கென்று வெட்டுவார்கள். அதன் இரத்தம் உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும். மற்றதன் தலையில் ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். தமிழ் வேதாகமத்தில் அதன் பெயர் போக்காடு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவத்தைச் சுமந்த கடா உயிரோடு போகிறது. வெட்டப்பட்ட கடாவின்மேல் யாரும் பாவத்தை ஏற்றவில்லை. பாவியின் தண்டனையை ஆட்டின் கழுத்துக்கு மாற்றுவதுதான் பலி என்ற விளக்கம் இந்த இடத்தில் வந்து தடுக்குப்படுகிறது. (பிற்காலத்தில் போக்காட்டை மலையிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று யூத மரபு சொல்கிறது, லேவியராகமத்தில் அது இல்லை.) முதியவருக்கு இதைச் சொன்னபோது, “வனாந்தரத்தில் விட்ட கடாவை ஒருவரும் பிடித்து விற்கவில்லையா?” என்று கேட்டார். அதைக் கொண்டுபோய் விட்டவன்கூட உடுப்புத் தோய்த்து முழுகிவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம் என்றேன். “செத்தவீட்டுக்குப் போய்வந்தது போல” என்று தலையாட்டினார்.

இந்தப் பக்கங்களை 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் நுணுகி வாசித்தவர்களுள் மிக முக்கியமானவர் ஒரு சைவர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சானது. 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’, தம் கையால் திருத்திய வேதாகமத்தையே எடுத்து மிஷனரிகளுக்கு எதிராக நிறுத்தியது. விளக்கு, தூபம், நைவேத்தியம், ஸ்நானம், துடக்கு, கோயில், குரு என்று சைவர் செய்வதையெல்லாம் மூடத்தனம் என்கிறீர்களே, உங்கள் கடவுள் மோசேயிடம் கேட்டதும் இவற்றைத்தானே என்பது அவருடைய வாதம். கூர்மையான வாதம். இத்தனைக்கும் கோயில்களில் உயிர்ப்பலி இடுவதைத் தம்மவரிடையே மிகக் கடுமையாகச் சாடியவரும் அவரே. மிஷனரிகளின் மறுமொழி எபிரெயர் நிருபத்திலிருந்து வந்தது: பழைய பலிகள் நிழல், கிறிஸ்து பொருள், பொருள் வந்தபின் நிழலுக்கு வேலையில்லை. நாவலர் வாதத்தை மடக்கிய பதிலாக எனக்கு அது தெரியவில்லை. நிழலைப் பரிகசிப்பவன் பொருளை எப்படி அறிந்துகொள்வான் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

சரி, பொருளுக்கு வருவோம். கல்வாரியில் நடந்தது எந்தக் கோணத்திலும் பலி போலத் தோன்றவில்லை. பலிபீடம் இல்லை, ஆசாரியன் இல்லை, நகரத்துக்கு வெளியே ரோமப் படையினர் நிறைவேற்றிய மரணதண்டனை அது. நடந்தது யூதர் ஆட்டுக்குட்டியைப் பலியிடும் பஸ்கா பண்டிகைக் காலத்தில் என்பது ஒன்றுதான் பலியோடு தொட்டிருந்தது. தங்கள் குருவுக்கு இப்படி ஒரு சாவு ஏன் வந்தது என்று தவித்த யூதச் சீடர்கள், தங்கள் வேதத்தில் கையில் அகப்பட்ட சொற்களையெல்லாம் எடுத்தார்கள். யோவான், ‘உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி’ என்றார். பவுல் ஓரிடத்தில் பஸ்கா என்றார், இன்னோரிடத்தில் ஒப்புரவு என்றார், வேறோரிடத்தில் பகைவரை ஊர்வலமாக இழுத்துச்சென்ற வெற்றி என்றார். எபிரெயர் நிருபம் ஆசாரியனும் பலியும் ஒருவரே என்றது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து மிருகபலி நின்றுபோனபோது அந்தச் சொற்களுக்கு இன்னும் கனம் கூடியது.

இத்தனை உருவகங்களுக்கும் அடியில் ஒரு திருப்பம் இருக்கிறது. வேள்வியில் கொடுப்பவன் மனிதன், ஏற்பவர் வைரவர். லேவியராகமம் 17:11இல் கடவுள், பலிபீடத்தின் இரத்தத்தை ‘நான் உங்களுக்கு’க் கொடுத்தேன் என்கிறார். ரோமர் நிருபத்தின் 3ஆம் அதிகாரமும் அதே திசையில் போகிறது: கிறிஸ்துவைக் ‘கிருபாதாரபலியாக’ ஏற்படுத்தியவர் கடவுள். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், கருவறையில் இரத்தம் தெளிக்கப்பட்ட அந்தக் கிருபாசனத்துக்கான சொல்லேதான். ஆக, கொடுப்பவர் கடவுள், பெறுபவர் மனிதர். முதியவரின் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த விடை இவ்வளவே. கடாவுக்குப் பதில் மனிதன் என்று பலிப்பொருள் மாறியதைவிட, கொடுக்கும் கையும் வாங்கும் கையும் இடம் மாறியதுதான் பெரிய மாற்றம். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நம்பாதவரும் மறுக்கும்போது சரியான கொள்கையை மறுக்கட்டும்.

அந்தக் கொடை எப்படிப் பாவத்தைத் தீர்க்கிறது என்பதில்தான் திருச்சபை ஒருமுகமாக இல்லை. நிசேயா விசுவாச அறிக்கை ‘நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று சொல்லவில்லை. ஆயர்கள் கூடிய பழைய திருச்சபைப் பொதுச் சங்கங்கள், கிறிஸ்து யார் என்பதற்குப் பக்கம் பக்கமாக வரையறை எழுதின; இதற்கு ஒரே விளக்கம் என்று முத்திரை குத்தவில்லை.

முதலில் பரவியது மீட்புப்பொருள் என்ற விளக்கம். இதை ஐரோப்பியரைவிட யாழ்ப்பாணத்தார் எளிதில் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் துணிபு, ஏனென்றால் எங்களுக்கு ஒற்றி தெரியும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது: கடன் கொடுத்தவர் காணியை எடுத்து, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அனுபவிப்பார், முதலைத் திருப்பிக் கொடுக்கும்வரை சொந்தக் காணியில் தேங்காய் விழுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடைவு வைத்த தாலிக்கொடியை மீட்டுக்கொண்டு வந்த நாளில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ‘மீட்பர்’ என்ற தமிழ்க் கிறிஸ்தவச் சொல் இந்த வாழ்க்கையிலிருந்துதான் பொருள் பெறுகிறது. லேவியராகமம் 25இலும் இதே காட்சி: ஒருவன் வறுமையால் தன் காணியாட்சியை விற்றால், இனத்தான் ஒருவன் வந்து அதை மீட்க வேண்டும். மீட்க வருபவன் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதால்தான் கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்று இந்த விளக்கத்தை விரித்தார்கள்.

ஆனால் ஒற்றி என்றால் ஒற்றிக்காரன் வேண்டுமே. மீட்புப் பணம் யார் கைக்குப் போனது? 4ஆம் நூற்றாண்டில் நீசா நகர ஆயர் கிரகோரியார், சாத்தானின் கைக்கு என்றார். மனித உடல் என்ற இரையைக் கவ்விய சாத்தான், உள்ளே மறைந்திருந்த தெய்வீகத் தூண்டிலில் மாட்டிக்கொண்டானாம். அவருடைய நண்பர், நாசியான்சு கிரகோரியார், இதைக் கேட்டுக் கொதித்தார். திருடனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா? தந்தைக்குத்தான் கொடுத்தது என்றால், ஆபிரகாம் கொண்டுவந்த ஈசாக்கையே ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டிய தந்தை, தம் மகனின் இரத்தத்தில் மகிழ்வாரா? உருவகத்தை அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்ரபரி பேராயர் அன்செல்ம் சாத்தானைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். பாவம் என்பது கடவுளுக்குரிய மாண்பைக் கொடுக்காமல் வைத்திருக்கும் கடன். தண்டனை, இல்லையேல் ஈடு, இரண்டில் ஒன்று வேண்டும். கிறிஸ்து ஈடு கொடுத்தார், அதனால் தண்டனை இல்லை. 16ஆம் நூற்றாண்டில், சட்டம் படித்த சீர்திருத்தவாதி கல்வின் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்: தண்டனையையே கிறிஸ்து நமக்குப் பதிலாக ஏற்றார். 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகள் கல்வினின் பரம்பரையில் வந்தவர்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஊன்றியது இந்த நீதிமன்றப் படம். முதியவரின் காதில் விழுந்ததும் இதன் தேய்ந்த வடிவம்தான்.

கத்தோலிக்கர் பக்கம் வேறொரு ஓசை. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்தில் ஒப்பாரி இசையில் வாசிக்கப்பட்டு வந்தது. அதில் கடன் கணக்கும் வழக்கும் முன்னுக்கு வருவதில்லை. மகனை இழந்த தாய் அழுகிறாள், கேட்பவரும் அழுகிறார். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இறையியலாளர் அபெலார், சிலுவையில் தெரியும் அன்பு பார்ப்பவரின் நெஞ்சைத் திருப்புகிறது, அதுவே மீட்பு என்று சொல்லிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். கண்டனம் அவரோடு போயிற்று. எங்கள் கரையோரக் கோயில்களில் ஒப்பாரி செய்ததும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான்.

சைவரின் மிகப் பலமான மறுப்பு இரத்தத்தைப் பற்றியது அல்ல. தன் வினை தன்னைச் சுடும்; ஒருவர் வினையை இன்னொருவர் எப்படி அனுபவிப்பார் என்பது. இந்த மறுப்பு விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை’ என்பது எசேக்கியேல் 18இன் கருத்து. கிறிஸ்தவர் சொல்லக்கூடிய மறுமொழி, கிறிஸ்து மூன்றாம் ஆள் அல்லர் என்பது: தீங்கு செய்யப்பட்டவரே தீங்கின் செலவைத் தாமே ஏற்கிறார். கடனை மன்னிக்கிறவர் அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து இழக்கிறார் அல்லவா, அதுபோல. ஆலகால விடத்தைத் தம் கண்டத்தில் தாங்கிய சிவனை இங்கே சிலர் நினைப்பார்கள். ஒப்புமை பாதி தூரம் போகும். விடம் தேவரும் அசுரரும் கடைந்தபோது எழுந்தது, யாருடைய பாவமும் அல்ல. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக 1947இல் பொறுப்பேற்ற சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற பொருளை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். வினைக்கும் அருளுக்கும் இடையிலான இழுபறி சைவத்துக்குள்ளும் உண்டு என்பதால் அந்த ஒப்பீடு பிறர் வீட்டுக் கதையாக இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்த ஊரில் பலியைப் பற்றி எழுத முடியாது. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். அப்படிச் செத்தவர்களையும் நாம் பலி என்கிறோம். அவர்கள் எதையும் படைக்கவில்லை, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. யோவான் நற்செய்தியில் இயேசு தம் உயிரைப் பற்றி, ‘ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்’ என்கிறார். இந்த வேறுபாட்டை மறந்த பிரசங்கங்களைச் செத்தவீடுகளில் நான் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் கடவுள் இந்தப் பலியை ஏற்றுக்கொண்டார் என்று சொல்வதற்கு லேவியராகமத்திலும் இடமில்லை, ரோமர் நிருபத்திலும் இடமில்லை.

கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையிலான பழைய சண்டையும் ‘கொடுத்தல்’ என்ற சொல்லில்தான். 1562இல் கத்தோலிக்கரின் திரெந்துப் பொதுச் சங்கம் பூசையை இரத்தம் சிந்தாத முறையில் ஒப்புக்கொடுக்கப்படும் அதே பலி என்றது. மற்றவர்கள், எபிரெயர் நிருபத்தின் ‘ஒரேதரம்’ என்ற சொல்லைக் காட்டி, பீடத்தை மேசையாக்கித் திருவிருந்து என்றார்கள். மீண்டும் பலியிடுவதாக நாங்களும் சொல்லவில்லை என்பது கத்தோலிக்கரின் பதில். நானூறு ஆண்டுகளுக்கு மேலான வழக்கு. இங்கே வேண்டாம்.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் பூசை கிடையாது. முதல் நாள் இரவே பீடத்தின் விரிப்பை உரித்துவிடுகிறார்கள்; பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. பலியை நினைவுகூரும் நாளில் பலிபீடம் வெறும் கல்லாகக் கிடக்கிறது. பின்னேரம் மக்கள் வரிசையாக வந்து சிலுவையை முத்தி செய்துவிட்டுப் போகிறார்கள். கையில் கொண்டுவருவதற்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை.